உஷார்! தாலி கட்டியாச்சு, ஜேபிஎன் போயாச்சா?

தை பிறந்துவிட்டால் ஜார்ஜ்டவுனில் கல்யாண ஹால் கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்திரிகை, மேடை அலங்காரம், சாப்பாடு, போட்டோ, வீடியோ என்று ஆறு மாதத்துக்கு முன்பே எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டிவிடுகிறோம். தேசியப் பதிவிலாகா (ஜேபிஎன்) கவுண்டருக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து ஒருதரம் போய்வரும் வேலை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சில வீடுகளில் அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. அதற்குள் பிள்ளை பிறந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் இந்த எச்சரிக்கை. அதிலும் பெண்ணிடம் குடிமக்களுக்குரிய நீல ஐ.சி. இல்லாத வீடாக இருந்தால், இதைப் படித்து முடித்ததும் கையோடு கிளம்புங்கள்.

1982 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்துக்கு 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம்தான் சட்டம். கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லி, ஊரே அட்சதை போட்டு, ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போயிருந்தாலும், அந்தச் சட்டப்படி நடந்து பதிவாகாத கல்யாணம் ஜேபிஎன் கண்ணில் கல்யாணமே இல்லை. (அந்தத் தேதிக்கு முன்னால் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய தாத்தா பாட்டிகள் பயப்பட வேண்டாம். வழக்கப்படி நடந்த அவர்கள் கல்யாணத்தைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு நிக்காஹ் பதிவு தனி வழி, அது ஷரியா சட்டத்தில் வரும்.)

'பதிவில்லாவிட்டால் என்ன, நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று ஊருக்கே தெரியுமே' என்பார்கள். ஊருக்குத் தெரிவதால் ஆவது ஒன்றுமில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17-ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவுத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைப் பொறுத்தவரை, குடியுரிமைச் சட்டத்தில் 'தகப்பன்' என்று வரும் இடத்தையெல்லாம் 'தாய்' என்று படிக்க வேண்டும் என்கிறது அது. அப்பா நீல ஐ.சி.காரராக இருக்கலாம், மூன்று தலைமுறையாகப் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம், ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டவராகவும் இருக்கலாம். குடியுரிமைக் கணக்கில் அந்த மனுஷன் வரமாட்டார். பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதை அம்மாவின் ஐ.சி. மட்டும்தான் முடிவு செய்யும்.

அம்மாவிடம் நீல ஐ.சி. இருந்தால் இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளை தப்பித்தது. அதற்காகக் கல்யாணத்தைப் பதிய வேண்டாம் என்று ஆகிவிடாது. நாளைக்குச் சொத்து, ஜீவனாம்சம், மணவிலக்கு என்று எது வந்தாலும் அந்தப் பத்திரம் இல்லாமல் அல்லாடப் போவது பெண்தான். ஆனால் அம்மாவிடம் இருப்பது தற்காலிகவாசிக்கான பச்சை ஐ.சி. என்றாலோ, ஐ.சி.யே இல்லை என்றாலோ, அவர் இந்தோனேசியாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவர் என்றாலோ, பிள்ளையின் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) குடியுரிமை என்ற வரிக்கு நேரே 'புக்கான் வார்கானெகாரா' என்று அச்சாகும். குடிமகன் அல்ல என்று அர்த்தம்.

நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் தாய்மார்கள் இவ்வளவு நாள் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள். பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தால்கூட, இங்கே பிறக்கும் பிள்ளை குடிமகன்தான் என்று அரசியலமைப்பில் ஒரு வாசகம் இருந்தது. கல்யாணம் பதியாமல் விட்ட எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார்கள். 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அந்த 'நிரந்தரவாசி' என்ற சொல்லை எடுத்துவிட்டது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு உரிமை கிடைத்தது என்று பத்திரிகைகள் கொண்டாடிய அதே திருத்தம்தான். அந்தக் கொண்டாட்டத்தில் நியாயம் உண்டு, பல வருஷப் போராட்டம் அது. ஆனால் அதே மசோதாவின் இன்னொரு வரி சிவப்பு ஐ.சி. வீட்டுப் பிள்ளையின் காலை வாரிவிடுகிறது என்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்பா நீலம், அம்மா சிவப்பு, கல்யாணம் கோயிலில் மட்டும். பழைய சட்டத்தில் பிள்ளை குடிமகன். திருத்தம் அமலாகும் நாளிலிருந்து பிறக்கும் பிள்ளை குடிமகன் இல்லை. அப்பா அம்மா அதே ஆட்கள்தான், கல்யாணத்தை ஜேபிஎன்னில் பதிந்திருந்தால் பிள்ளை அப்பா வழியில் குடிமகன். ஒரு கையெழுத்து செய்யும் வேலை இது. அமலாகும் தேதியை ஜேபிஎன் கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணத்தைப் பதிய அந்தத் தேதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

'பிள்ளை பிறந்த பிறகு பதிந்தால் ஆகாதா?' என்ற கேள்வி எல்லாரும் கேட்பது. இதற்குக் கூட்டரசு நீதிமன்றமே 2021 மே 28-ஆம் தேதி பதில் சொல்லிவிட்டது. மலேசிய அப்பா, பிலிப்பீன்ஸ் அம்மா. பிள்ளை பிறந்தது பிலிப்பீன்ஸில். ஐந்து மாதம் கழித்துப் பெற்றோர் கல்யாணத்தைப் பதிந்தார்கள். ஏழு நீதிபதிகளில் நால்வர், பிறந்த நேரத்தில் பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை, ஆகவே பிள்ளைக்கு அப்பா வழிக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். அன்றைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் உட்பட மூன்று பேர் எதிர்த்து எழுதினார்கள். எழுதி என்ன, பெரும்பான்மை பெரும்பான்மைதான். அப்பா யார் என்பதில் அந்த வழக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தேதிதான் தகராறு.

சூராட் பெரானாக்கைக் கையில் எடுத்து ஒருதரம் நிதானமாகப் படியுங்கள். அப்பா பெயர் இருக்கிறது, ஆகவே எல்லாம் சரி என்று நிம்மதி அடைய வேண்டாம். கல்யாணம் பதியாத பெற்றோர் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் அப்பா பெயரை எழுதுவார்கள், 1957-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பத்திரத்திலேயே 'பெர்மோஹோனான் செக்‌ஷன் 13' என்று ஒரு குறிப்பு விழும். விஷயம் தெரிந்தவருக்கு அந்த மூன்று சொல்லே போதும். பிள்ளை பதிவுத் திருமணத்தில் பிறக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்பா பெயர் அங்கே இருக்கும், அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்கு வராது.

நம் ஆட்களிடம் இத்தனை சிவப்பு ஐ.சி. எப்படி வந்தது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நிபோங் திபால், பத்து காவான், பிறை என்று செபராங் பிறை முழுக்கத் தோட்டங்கள் இருந்த காலத்தில் பிரசவம் லயத்தில்தான், மருத்துவச்சி கையில்தான். பிறப்பைப் போய்ப் பதிய வேண்டியது பெற்றோர், ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் கிராணியார் ஒருவர்தான். அவர் எழுதினால் உண்டு. பெயரை ஒருவிதமாக எழுதினார், தேதியை வேறுவிதமாக எழுதினார், சில பேருக்கு எழுதவே இல்லை. சட்டப்படி பார்த்தால், 1957 ஆகஸ்டு 31-லிருந்து 1962 அக்டோபருக்கு முன்புவரை மலாயா மண்ணில் பிறந்த யாரும், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் குடிமகன்தான். அந்த ஆண்டுகளில் லயத்தில் பிறந்த அம்மா ஒருவருக்குப் பிறந்ததைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் போனதால், உரிமை இருந்தும் சிவப்பு ஐ.சி.யோடு நின்றுபோன கதைகள் உண்டு. 1969-க்குப் பிறகு குடிமகன் அல்லாதவர்கள் வேலை பார்க்க ஒர்க் பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடி வந்தபோது, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறிப் போனார்கள். போகாமல் இருந்தவர்களில் சிலர் இன்றைக்கும் அதே சிவப்பு அட்டையைத்தான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, சட்டி பானையோடு இந்தப் பிரச்சினையும் கூடவே வந்துவிட்டது.

டிஹெச்ஆர்ஆர்ஏ மலேசியா என்ற அரசுசாரா அமைப்பு வீடு வீடாகப் போய் இதைக் கணக்கெடுத்தது. தீபகற்பத்தில் மட்டும் நாடற்ற நிலையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது பதிவு செய்தது. பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். அரசாங்கமும் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்று இந்தியர்களுக்காகவே ஒரு பதிவு இயக்கம் நடந்தது, 2017-லும் நடந்தது. கூட்டம் அலைமோதியது. இத்தனைக்குப் பிறகும் புதிதாகப் பிள்ளைகள் இந்தப் பட்டியலில் சேர்கிறார்கள் என்றால், காரணம் பழைய தோட்டத்துக் கணக்கு மட்டும் இல்லை. நேற்று நடந்த பதிவில்லாத கல்யாணமும்தான். என்னைக் கேட்டால், முதலாவதற்கு அரசாங்கத்தைத் திட்டலாம். இரண்டாவதற்கு நம்மைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

கல்வி, மருத்துவம், குடும்ப நலம் என்று ஆய்வறிக்கைகளில் தனித்தனி அத்தியாயம் போடுவார்கள். ஏழைக் குடும்பம் ஒன்றில் இந்த மூன்றும் ஒரே காகிதத்தில் தொங்குகின்றன. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் 17 மலிவு அடுக்குமாடிகளில் ஆய்வு செய்து யுனிசெஃப் 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைவு. இங்கே பினாங்கில் ரைஃபிள் ரேஞ், ஜாலான் சுங்கை பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. இப்படி ஒரு வீட்டில் பிள்ளையிடம் குடியுரிமையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் வெளிநோயாளிச் சீட்டுக்குக் குடிமக்கள் கொடுப்பது ஒரு ரிங்கிட், வெளிநாட்டவருக்கு 40 ரிங்கிட். வார்டில் படுக்க வைக்க வேண்டும் என்றால் முன்வைப்புத் தொகையே ஆயிரக்கணக்கில் போகும். இந்தப் பிள்ளை எந்த வரிசை என்பதைக் கவுண்டரில் அந்தச் சூராட் பெரானாக்தான் சொல்லும். சலுகை ஏதாவது உண்டென்றால், கேட்டு, எழுதி, நிரூபித்து வாங்க வேண்டும். காய்ச்சலில் அனத்தும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எந்தத் தாய் அதைச் செய்வாள்? 'பனடால் கொடுத்துப் பார்ப்போம்' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வாள். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

பள்ளிக்கூடம் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்தால், பத்திரம் முழுசாக இல்லாத பிள்ளையையும் 2019 முதல் அரசுப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ளக் கல்வி அமைச்சு வழிவிட்டது. ஆகவே முதலாம் ஆண்டில் உட்கார இடம் கிடைத்துவிடும். பிள்ளைக்கு விஷயம் தெரியவருவது பன்னிரண்டு வயதில். வகுப்பில் ஒவ்வொருவராக மைகாட் அடையாள அட்டை எடுத்துவந்து, போட்டோவில் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, இவன் மட்டும் 'எங்கம்மா அடுத்த வாரம் கூட்டிப் போறாங்க' என்று சொல்லிக்கொண்டிருப்பான். அந்த அடுத்த வாரம் எஸ்.பி.எம். வரைக்கும் நீளும். அதற்குப் பிறகு பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் குடிமக்களுக்கு மட்டும். முறையான வேலைக்கு ஐ.சி. கேட்பார்கள். படிக்கிற பிள்ளை பாதியில் நின்று, தினக்கூலிக்குப் போவதை 'படிப்பு ஏறவில்லை' என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

இதில் இன்னும் இரண்டு வகைக் குடும்பங்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த பெண்ணை நம் பையன் விரும்பிக் கல்யாணம் செய்கிறான். அந்த வேலை பெர்மிட்டின் நிபந்தனையிலேயே இங்கே கல்யாணம் செய்யக்கூடாது என்று இருக்கிறது. ஆகவே ஜேபிஎன்னில் பதிய முடியாது, கோயிலில் மட்டும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அந்த ஜோடிக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. பிள்ளையைப் பற்றி யோசிக்கும் முன் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் சொந்த நாட்டில் சட்டப்படி பதிந்து, பிறகு இங்கே அதைத் தெரிவிப்பது போன்ற வழிகள் உண்டா என்று கேளுங்கள். பெர்மிட் முடிந்துபோன பெண்ணைத் தனியாகக் கவுண்டருக்கு அனுப்பிவிடாதீர்கள், பிடித்து வைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இன்னொன்று, பிள்ளையில்லாத தம்பதிகள். யாரோ பெற்ற குழந்தையை ஆசுபத்திரியிலிருந்தே வாங்கிவந்து, தாங்களே பெற்றதாக எழுதிவிடலாம் என்று யோசனை சொல்லும் நல்ல மனசுக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பொய்யான பிறப்புப் பதிவு குற்றம். ஒருநாள் அது வெளிப்பட்டால் வளர்ந்த பிள்ளையின் ஐ.சி.யே பறிபோகும். தத்தெடுப்புக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு இருக்கின்றன, நேர்வழியில் போங்கள். தத்தெடுத்த மாத்திரத்தில் குடியுரிமை தானாக வராது என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

அடுத்தது ஏஜெண்ட். 'எனக்கு உள்ளே ஆள் இருக்கு, அஞ்சாயிரம் கொடுங்க, நீல ஐ.சி. வாங்கித் தர்றேன்' என்று வருபவரிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்தை முடிவு செய்வது உள்துறை அமைச்சு. அதில் விலைப்பட்டியல் இல்லை. பணம் போவதோடு நிற்காது, போலி அடையாள அட்டை கையில் சிக்கினால் மூன்று ஆண்டுச் சிறை அல்லது 20,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டும். கம்பி எண்ணப் போவது ஏஜெண்ட் இல்லை, அட்டை யார் பையில் இருந்ததோ அவர்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் இரண்டு பேரும் ஐ.சி.யோடு ஜாலான் ஆன்சன் கூட்டரசுக் கட்டடத்தில் உள்ள ஜேபிஎன்னுக்குப் போங்கள், பெருநிலத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே கிளைகள் உண்டு. விண்ணப்பம் கொடுத்தால் 21 நாள் அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். அதன்பிறகு, விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் பதிவை முடிக்க வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கு அப்பாவின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். கோயிலிலேயே பதிய ஆசைப்பட்டால், அந்தக் கோயிலில் துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் இருக்கிறாரா என்று ஹால் புக் பண்ணும்போதே கேளுங்கள். மண்டபத்தில் பெரிய நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதால் பதிவாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஜேபிஎன் திருமணப் பத்திரம் கையில் வந்ததா என்பதுதான் கேள்வி.

பெண் ஏற்கெனவே மாசமாக இருக்கிறாளா? இன்னும் நேரம் இருக்கிறது. பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருந்தாலும் 21 நாள் போக மிச்சம் உண்டு. நாள் நெருங்கிவிட்டதென்றால், அறிவிப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்யும் சிறப்பு லைசென்ஸுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, கவுண்டரில் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அந்த அதிகாரிகள் தினமும் பார்க்கும் கேஸ்தான். பிள்ளை பிறந்ததும் 60 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். அது தாண்டினால் தாமதப் பதிவு, விசாரணை, சாட்சி என்று மாதக்கணக்கில் அலைச்சல்.

'புக்கான் வார்கானெகாரா' என்று பத்திரம் ஏற்கெனவே வந்துவிட்ட வீடுகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். முதலில் கல்யாணத்தைப் பதியுங்கள், அடுத்த பிள்ளையாவது தப்பிக்கும். மூத்த பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ விதியின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுங்கள். இங்கேயும் ஒரு கத்தி தொங்குகிறது. 21 வயதுக்குள் என்று இருந்த அந்த விதியின் கெடுவை அதே 2024 திருத்தம் 18 ஆகக் குறைக்கிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் 'பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போட்டால் வாசல் மூடிவிடும். எழுதத் தெரியாவிட்டால், எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ போங்கள். கொடுத்த ஒவ்வொரு படிவத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள், ரசீது எண்ணைக் குறித்து வையுங்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் நீல ஐ.சி. வீட்டுக்காரராகவே இருக்கலாம். உங்கள் மாடியில், உங்கள் கோயில் கமிட்டியில், உங்கள் வேலையிடத்தில் சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் பெண்ணோ, அவரைக் கட்டிக்கொண்ட தம்பியோ நிச்சயம் ஒருவராவது இருப்பார். 'கல்யாணம் ஜேபிஎன்ல பதிஞ்சாச்சா?' என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். இல்லை என்று பதில் வந்தால், ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே ஜாலான் ஆன்சனுக்குப் போய்வாருங்கள்.